தோள் நரம்பைத் தேடிய காலை

காலை பதினொன்று பத்து. அறுவை அரங்கின் கதவைப் பாதி திறந்து நர்ஸ் சொன்னாள்: "பழைய தழும்புல எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. நரம்பு இன்னும் கிடைக்கலை. நேரமாகும்மா."

உள்ளே இருந்தது என் மகள். பத்தொன்பது வயது. கழுத்தின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி. முன்பு வேறொரு மருத்துவமனையில் அதை அரைகுறையாகக் கீறி விட்டிருந்தார்கள். மூளையடியிலிருந்து தோளுக்கு இறங்கும் நரம்பு அதை ஒட்டியே போகிறதாம். அது அறுந்தால் வலது கை தோளுக்கு மேலே ஏறாது என்று டாக்டரம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார்.

துணைக்கு வந்திருந்தவர் என் நாத்தனார். பழவேற்காட்டு ஏரியில் இறால் போடும் பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவர். தண்ணீரில் இருக்கும்வரைதான் அந்த வாய்க்கு ஓய்வு.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்படி இருக்கு? நம்மூர் டச்சுக் கல்லறை வாசல்ல எலும்புக்கூடு செதுக்கி வெச்சானே, ஒரு நரம்பையாவது காட்டினானா? அவனுக்கே தெர்ல!"

சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே கோபமும் வந்தது.

"இவ்ளோ நேரமா கிடைக்கலைன்னா எப்படி அண்ணி?"

"எனக்கு மட்டும் சேத்துல இறால் கண்ணுக்குத் தெரியுதா? கலக்கினா ஓடிடும். மெதுவா கையை வெச்சா, பட்டதும் துள்ளும். அவசரக்காரி காலிப் பறியோடதான் கரையேறுவா. உள்ள கீறவங்க அவசரப்படலைன்னு சந்தோசப்படு."

டாக்டரம்மாவும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருந்தார். மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்ப்பார்கள். நரம்பானால் தோள் அசையும். அசைவு தெரிய வேண்டும் என்பதற்காகவே தசையைத் தளர்த்தும் மருந்தைக்கூடத் தவிர்ப்பார்கள். படித்தவளான எனக்கு அதில் 'அறுந்தால்' என்ற சொல் மட்டுமே காதில் விழுந்திருந்தது. நாத்தனார் சொன்னபோதுதான் அது இரண்டு கைகள் பொறுமையாகச் செய்யும் வேலையாகத் தெரிந்தது. அவர் மடியிலிருந்த வேர்க்கடலையில் பாதியை என் கையில் கொட்டினார். தின்றேன். ருசித்தது!

ஒன்றரை மணிக்கு டாக்டரம்மாவே வெளியே வந்தார். நாங்கள் எழுந்து நிற்பதற்குள் பேசிவிட்டார்.

"நரம்பு முழுசா இருக்கும்மா. மயக்கம் தெளிஞ்சதும் கையைத் தூக்குன்னு சொன்னேன். 'எவ்ளோ உயரத்துக்கு டாக்டர்?'னு கேக்கறா."