வந்து சேராத பதினேழு சான்றிதழ்கள்

முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன வெப்சைட் கம்பெனியில் வேலை பார்த்தபோது, லாஸ்பேட்டையில் இருந்த நர்சிங் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மாணவிகள் மதிப்பெண் சான்றிதழை ஸ்கேன் செய்து அதில் ஏற்ற வேண்டும்.

தேர்வுப் பட்டியல் வந்த மறுநாள் காலை, குருசுக்குப்பத்திலிருந்து ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு சிடி.

"லிஸ்ட்ல என் பேரு இல்ல, சர்டிபிகேட் வரலன்னு ஸ்கூல்ல சொல்றாங்கக்கா. நான் போட்டேன். 'நன்றி, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது'ன்னு வந்துச்சே!"

பதிவில் அவள் பெயர் இருந்தது, சான்றிதழ் இல்லை. சிடியில் இருந்த ஸ்கேனை நானே ஏற்றிப் பார்த்தேன். ஃபைலின் அளவு இரண்டு எம்பிக்கு மேல் இருந்ததால் சர்வர் அதை ஏற்காமல் ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தந்தது. அந்த எண்ணைச் சோதிக்க நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஃபைல் வந்தாலும் வராவிட்டாலும் என் புரோகிராம் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறது. பதிவில் அவளைப் போல இன்னும் பதினாறு பேர்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "பெரிய ஃபைலா போட்டது அவங்க தப்புன்னு சொல்லிடலாம்மா."

"கிடைச்சுதுன்னு நாமதான சார் சொன்னோம்?"

என்னால் உட்கார முடியவில்லை. அந்தப் பெண்ணை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போனேன். "எனக்கு சீட்டு கிடைச்சுடுமாக்கா?" என்று வழியில் இரண்டு முறை கேட்டாள். கேட்காதது போல ஓட்டினேன்.

பள்ளி முதல்வர் அம்மா என்னை நன்றாகத் திட்டினார். நின்று வாங்கிக்கொண்டேன். கடைசியில், "ரெண்டு நாள் டைம் தரேன், சர்டிபிகேட்ட மறுபடி அனுப்பட்டும். எல்லாரையும் நீயே கூப்பிட்டுச் சொல்லு" என்றார். அவர் மேசையில் இருந்த போனிலேயே தொடங்கினேன். பதினாறு பேரில் பதினைந்து பேர் கிடைத்தார்கள். ஒரு எண் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

அன்று மாலையே, ஃபைல் வராவிட்டால் 'உங்கள் சான்றிதழ் வந்து சேரவில்லை, அளவு பெரிது' என்று காட்டும்படி பக்கத்தை மாற்றினேன். மறுநாள், போன் எடுக்காத பெண்ணின் விண்ணப்பத்தில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனேன். வீடு பூட்டியிருந்தது.

"லிஸ்ட்ல பேரு வரலன்னு ஒரே அழுகை. சேலத்துல ஏதோ கோர்ஸ்ல சேக்க நேத்துதான் கூட்டிட்டுப் போனாங்க. நீங்க யாரு?" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

குருசுக்குப்பத்துப் பெண்ணின் பெயர் திருத்திய பட்டியலில் வந்தது. ஸ்வீட் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் சேலத்துக்குப் போனவளின் எண்ணை மறுபடி அழுத்திக்கொண்டிருந்தேன்.