நிச்சயத்தில் ஒலித்த என் இசைத்தட்டு

நேற்று என் மகளின் நிச்சயதார்த்தத்திற்கு ஒலிபெருக்கி கட்ட வந்த இளைஞர், சிடிக்களை விரித்து, "என்ன பாட்டு சார் போடலாம்?" என்றார். அக்காவைக் கேட்கச் சொன்னேன்.

எட்டாம் வகுப்பில், பீங்கான் தொழிற்சாலை மேற்பார்வையாளரான அப்பா வாராவாரம் தந்த கைச்செலவுக் காசைச் சேர்த்து, விருத்தாசலம் கடைவீதியில் என் முதல் இசைத்தட்டை வாங்கினேன். வீட்டில் கிராமபோன் இல்லை. அக்காவின் நிச்சயத்தன்று சவுண்டு சர்வீஸ் காசிம் பாயிடம் அதை நீட்டினேன்.

"கேட்டுப் பாத்தியா தம்பி?"

"கேட்டுட்டேன் பாய்." பொய். உறையிலிருந்த பூமாலைப் படத்தைப் பார்த்துக் கல்யாணப் பாட்டென்று நம்பியிருந்தேன்.

ஒலிபெருக்கிக் குழாயில் ஒப்பாரி எழுந்தது. மாப்பிள்ளையின் மாமா தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தார். "இது நிச்சய வூடா, எழவு வூடாய்யா?"

அப்பா எல்லார் முன்னிலையிலும் பாயை அறைந்தார். பாய் என்னை ஒருமுறை பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. திருமணம் நடந்தது. ஆனால் எங்கள் தெருவில் பிறகு எவரும் பாயை அழைக்கவில்லை.

நேற்று அக்காவே அந்த இளைஞரிடம் சொன்னார்: "பாத்துப் போடு தம்பி. என் நிச்சயத்துல ஒரு பாயி மானத்த வாங்கிட்டாரு. இல்லியாடா?"

"ஆமாம் அக்கா" என்றேன்.