பெரம்பலூருக்கு ஒரு கூட்ஸ் எஞ்சின்

இந்த ஊரில் டிசம்பர் பிறந்தால் போதும், பேரன் பேத்தி எடுத்த ஆண்களெல்லாம் முட்டி போட்டுத் தரையில் தவழ ஆரம்பித்துவிடுகிறார்கள். நாங்கள் ஜெர்மனிக்கு வந்த முதல் வருஷம், எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெரியவர் மேசைக்கு அடியில் கால் மட்டும் தெரியக் கிடப்பதைப் பார்த்தேன். மயங்கி விழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று பதறி ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த அவர் மனைவி, நம் வீடுகளில் “குளிக்கிறார்” என்று சொல்வோமே, அந்தக் குரலில் “ரயில் விடுகிறார்” என்றார். கிறிஸ்துமஸ் வந்தால் இங்கே வீட்டுக்குள் பொம்மை ரயில் ஓட வேண்டும். ஊர்ப் பொதுக்கூடத்திலும் பெரிய மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பஞ்சைப் பிய்த்துப் பனியாக்கி, பாலமும் சுரங்கமும் தேவாலயமும் வைத்துத் தண்டவாளம் போடுகிறார்கள். பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டு வந்து பார்க்கும். விருப்பப்பட்ட குடும்பம் சொந்தமாக ஓர் எஞ்சின் வாங்கி வந்து ஓட்டலாம், தன் பேரில் ஒரு ஸ்டேஷனும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த மேசைகளுக்கு ராஜா, மேசைக்கு அடியில் கிடந்த அதே எதிர்வீட்டுக்காரர்தான். கிளாவுஸ் என்று பெயர். இத்தனை வருஷம் நாங்கள் பார்வையாளர்களாகவே இருந்தோம். இந்த வருஷம் அவரே வீடு தேடி வந்து, “இந்தியாவும் வரட்டும்” என்றார். எங்களுக்கு ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார். அங்கே மலை, நீராவி எஞ்சின், பனைமரம் வைக்கலாம் என்றார். சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவு யானை ஒன்றை எடுத்து என் சாப்பாட்டு மேசைமேல் நிறுத்தினார்.

“எங்கள் ஊரில் யானை கிடையாது. மலை ரயிலும் கிடையாது” என்றேன் என் அரைகுறை ஜெர்மனில்.

“பிறகு என்ன ரயில் உண்டு?”

“ரயிலே கிடையாது.”

அவர் முகம் மாறிவிட்டது. என் கையைத் தட்டிக்கொடுத்து, “பாவம்” என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. என்ன பாவம்? ரயில் இல்லாததால் நாங்கள் பிறந்த இடத்திலேயே முளைத்துக் கிடந்தோமா? யானையை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். “ஞாயிற்றுக்கிழமை உங்கள் மேசையில் பெரம்பலூருக்கு ரயில் போகும். நான் விடுகிறேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எஞ்சினைக் கையால்கூடத் தொட்டதில்லையே என்ற நினைப்பு வந்தது.

இதற்குப் பக்கத்திலிருந்து சிரித்தவர் என் கணவர் சேகர். அவர் அரியலூர்க்காரர், நான் பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டைப் பக்கம். ஒன்றாக இருந்து, பிரிந்து, சேர்ந்து, மறுபடியும் பிரிந்த மாவட்டங்கள் இரண்டும். எங்களுக்குள் சண்டை வர வேறு காரணமே தேவையில்லை. அவர் ஊரில் ஸ்டேஷன் இருக்கிறது, சென்னை ரயில் நிற்கும். எங்கள் பெரம்பலூர் மாவட்டத் தலைநகரம், கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, ஆனால் தண்டவாளம் என்று ஒரு முழம்கூடக் கிடையாது. கல்யாணமான புதிதில் சேகருடைய அத்தை, வந்தவர் போனவரிடமெல்லாம் “பொண்ணு ரயிலு இல்லாத ஊருங்க” என்று சொல்வார், ஏதோ எனக்குக் காது கேட்காது என்பதுபோல.

“உங்க ஊருக்கு ரயிலா? எங்க ஸ்டேஷன்ல எறங்கி பஸ்சு புடிச்சிப் போயிடு” என்றார் சேகர்.

“உங்க ஸ்டேஷன நீங்களே வச்சிக்குங்க” என்றேன்.

என் அப்பா மானாவாரி விவசாயி. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுவார். தேர்தலுக்குத் தேர்தல் பெரம்பலூருக்கு ரயில் வரும் என்பார்கள், அவரும் நம்புவார். ரயில் கேட்டு எங்கே கூட்டம் போட்டாலும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். “இந்த தடவ வந்துரும் பாப்பா” என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும் சொன்னார், போன மாதம் போனிலும் சொன்னார். ஊரே அவரைக் கேலி செய்யும். நானும் செய்திருக்கிறேன். ஆனால் வெள்ளைக்காரர் ஒருவர் அதற்காக என் கையைத் தட்டிக்கொடுத்தபோது, இனி எவனும் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை வெள்ளோட்டம். அதற்கு முந்தின வாரம் எஞ்சின் வாங்கப் பக்கத்து டவுனுக்குப் போனோம். கடைக்காரர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நகைக்கடையில் எடுத்து வைப்பதுபோல ஒவ்வொன்றாகக் கண்ணாடிமேல் வைத்தார். சிவப்புச் சக்கரம் போட்ட கறுப்பு நீராவி எஞ்சின், நிஜமாகவே புகை விட்டது. சேகருக்கு ஒரு சிவப்பு மின்சார எஞ்சின்மேல் கண். “எக்ஸ்பிரஸ்ஸு மாரி இருக்கு பாரு” என்றார். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் பழைய சாமான் தட்டில், அழுக்குப் பச்சையில் பெயின்ட் உரிந்த ஒரு டீசல் எஞ்சின் கிடந்தது. நீண்ட மூக்கு, பெட்டி மாதிரி உடம்பு. அமெரிக்கச் சரக்கு ரயில் எஞ்சினாம். சேகர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அட, நம்மூர்ல ஓடுன பழைய டீசலும் இந்த ஜாடைதான்” என்றார்.

“இது அழகில்லை” என்றார் கடைக்காரர், நேர்மையான மனுஷன்.

“அழகானதை வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும்” என்றேன்.

நான் முதன்முதலில் பார்த்த ரயில் கூட்ஸ்தான். அரியலூர் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. அப்பா என்னைக் கீழே இறக்கிக் கூட்டிப்போய்க் காட்டினார். ஜன்னல் இல்லாத பெட்டிகள், தடதடவென்று வந்துகொண்டே இருந்தன, மேலெல்லாம் சுண்ணாம்புக்கல் தூசி. கையசைக்க ஆளில்லையே என்று ஏமாந்து நிற்கும்போது, கடைசிப் பெட்டியில் ஒரு கார்டு கொடியோடு நின்றிருந்தார். நான் கை காட்டினேன், அவரும் காட்டினார். எங்கள் பக்கத்துப் பூமியைத் தோண்டி எடுத்த கல்தான் எங்கெங்கோ சிமெண்டாகப் போய் யார் யாருக்கோ வீடாகிறது என்று அப்பா சொன்னார். ஆகவே எஞ்சினுக்குப் பின்னால் மாட்டத் திறந்த சரக்குப் பெட்டிகளையும் வாங்கினேன். சுண்ணாம்புக்கல்லுக்குக் கோதுமை ரவையை வறுத்துக் கொட்டினேன். நிறம் அப்படியே வந்தது.

புது வண்டியைப் பூஜை போடாமல் எந்த வீட்டில் எடுப்பார்கள்? வெள்ளோட்டத்துக்குக் கிளம்பும் முன் எஞ்சினுக்குச் சந்தனம் குழைத்து நெற்றியில் வைத்தேன், அதன்மேல் குங்குமம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பொட்டு. பழம் நசுக்க வேண்டுமே, இந்த ஊர் எலுமிச்சை எஞ்சின் உயரத்துக்கு இருந்தது. மெல்லிய துண்டாக நறுக்கிக் கூடத்துக்கு எடுத்துப்போய்த் தண்டவாளத்தின்மேல் வைத்தேன். கிளாவுஸ் குனிந்து எஞ்சினைப் பார்த்து, “துரு! எவ்வளவு இயல்பாகப் பூசியிருக்கிறீர்கள்” என்று வியந்தார். பொம்மை ரயில்காரர்கள் பழசாகத் தெரிவதற்காக வேண்டுமென்றே துரு வரைவார்களாம். நான் அது துரு இல்லை என்பதற்குள் அவர் மின்சாரத்தைத் திருப்பிவிட்டார். எஞ்சின் எலுமிச்சைமேல் ஏறி, வழுக்கி, சாற்றை இரண்டு பக்கமும் பீய்ச்சி அடித்துவிட்டு நின்றது. துண்டை எடுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தோம். ஓர் அங்குலம் நகர்ந்தது, விக்கியது, நின்றது. அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். சேகரும் சிரித்தார்.

இந்த எஞ்சினுக்குச் சக்கரம் வழியாகத்தான் மின்சாரம் ஏறுகிறதாம். நான் அந்தச் சக்கரத்தில்தான் சந்தனத்தை அப்பியிருந்தேன்.

கிளாவுஸ் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே, “நாளைக்கு என் நீராவி எஞ்சினையே உங்கள் மூலையில் விடுகிறேன். கவலை வேண்டாம்” என்றார். அவர் கை மறுபடியும் என் கையைத் தட்ட வந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். எஞ்சினைத் திருப்பி மடியில் போட்டேன். அவரிடமே ஸ்பிரிட்டும் துணியும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்தேன். கண்ணில் நீர் முட்டியது, விழ விடவில்லை. அவமானம் எனக்கென்றால் பொறுத்திருப்பேன், ஊரில் ரயில் கேட்டு முன்வரிசையில் போய் உட்காரும் அப்பாவுக்கென்றால் முடியாது. துடைத்து முடித்ததும் கிளாவுஸ் எஞ்சினின் நெற்றியைக் காட்டி, “அதையும்” என்றார்.

“முடியாது. சக்கரம் உங்கள் தண்டவாளத்துக்கு, சுத்தமாக இருக்கிறது. நெற்றி எங்களுடையது” என்றேன். “நீங்கள் காட்டு மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து விளக்குப் போடுகிறீர்கள். நான் ஏனென்று கேட்டேனா?”

அவர் என்னையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மின்சாரத்தைத் திருப்பினார். என் கூட்ஸ், பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி, சுரங்கத்துக்குள் போய், அந்தப் பக்கம் குங்குமத்தோடு வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. அட்டையில் நான் செய்த பிளாட்பாரமும், மஞ்சள் பலகையில் தமிழிலும் ஜெர்மனிலும் எழுதிய “பெரம்பலூர்” என்ற பெயரும் தயார். வைப்பதற்கு முன்னால் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். திரையை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கூட்ஸா வுட்டிருக்க?”

“ஆமாப்பா.”

“அதான் சரி. மொதல்ல கூட்ஸு வரட்டும், பின்னாடியே பேசஞ்சரு வந்துரும்” என்றார். “ஸ்டேஷன எங்க வக்கப்போற?”

“இங்க, பாலத்துப் பக்கத்துலப்பா.”

“அங்க எதுக்கு? வடக்கால தள்ளி வையி. நம்ம வேப்பந்தட்டை பக்கத்து சனம் எறங்கி ஏற வேணாமா?”

சேகர் என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, “மாமா, கெழக்கால வைக்கட்டுங்க, அரியலூருக்கு லைன் சேக்கத் தோதா இருக்கும்” என்றார்.

“நீங்க சும்மா இருங்க மாப்ள. ஒங்களுக்குத்தான் ஒண்ணு இருக்குல்ல?” என்றார் அப்பா. பின்னாலிருந்து அம்மா, பஸ் ஸ்டாண்டை ஒட்டி வைக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் யாரோ தன் சோளக்காட்டு வழியாக லைன் போகக் கூடாது என்றார். பிளாட்பாரத்தை வடக்கே வைத்தேன், கிழக்கே நகர்த்தினேன், மறுபடியும் தூக்கினேன். உள்ளங்கையெல்லாம் பஞ்சுப் பனி ஒட்டிக்கொண்டது. கிளாவுஸ் ரயிலை ஓட்டும் கருவியில் விரலை வைத்தபடி, “எங்கே நிறுத்தட்டும்?” என்று கேட்டார்.

“நிறுத்தாதீர்கள்” என்றேன். “ஊரில் இன்னும் முடிவாகவில்லை.”

அவர் தலையாட்டினார். ரயில் தேவாலயத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒரு கையில் சத்தம் போடும் அப்பாவும் மறு கையில் பெரம்பலூர் ஸ்டேஷனுமாக நான் பனிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.