பூட்டு என்று தலைப்புக் கொடுத்த ஞாயிறு

1942-ஆம் வருஷம், ஆவணி மாதம். குற்றாலத்தில் சாரல் முடியப்போகிற சமயம். தென்காசி வக்கீல் ஒருவர் அங்கே சீசனுக்காக ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கூடத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் கதை எழுதுவோம். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். கூட்டமாக உட்கார்ந்து எழுத அது என்ன பஜனையா என்று என் தம்பியே கேட்டிருக்கிறான்.

எங்கள் கூட்டத்துக்குச் சட்டதிட்டம் எல்லாம் உண்டு, போட்டவர் வக்கீல் அல்லவா. வாரம் ஒரு தலைப்பு. முதலில் எல்லோரும் அருவியில் குளித்துவிட்டு வர வேண்டும், தலை காய்வதற்குள் எழுத ஆரம்பித்துவிட வேண்டும். காகிதத்தில் பெயர் போடக் கூடாது. எழுதி முடித்ததை மடித்து ஒரு பனையோலைப் பெட்டியில் போட்டுக் குலுக்குவோம். ஆளுக்கு ஒன்றாக எடுத்து, கைக்கு வந்ததை உரக்க வாசிக்க வேண்டும். அதில் என்ன நன்றாக இருக்கிறது, என்ன குறை என்று சொல்ல வேண்டியதும் வாசித்தவரே. எழுதியவர் மூச்சு விடக் கூடாது. கடைசியில் அவரவர் காகிதத்தை அவரவர் எடுத்துக்கொண்டு போகலாம்.

பட்டணத்துப் பத்திரிகையில் இரண்டு கதை வந்த கர்வத்தில் நான் போவேன். நாலு வரிக்கு மேல் ஓடாத ஜவுளிக்கடை ராவுத்தர் வருவார். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மாள், பிழை நிறைய விட்டாலும் எங்களையெல்லாம் சிரிக்கவும் அழவும் வைத்துவிடுவார். பெட்டிக்குள் போய்விட்டால் எல்லாம் ஒரே காகிதம்தான். அந்த வாரம் தலைப்பு கொடுக்கிற முறை ராவுத்தருடையது. முந்தின நாள் அவர் கடைப் பூட்டு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். அதனால் தலைப்பு 'பூட்டு'.

அது யுத்தகாலம். காங்கிரஸ் தலைவர்களை எல்லாம் பிடித்து உள்ளே போட்டு இரண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நாலு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தாவதாக ஒரு போலீஸ்காரர் நிற்பார். நான் தென்காசிப் பக்கம் ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காக எங்கள் சரகத்தில் ஒரு வாத்தியாரை அந்த மாதம்தான் வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். என் மனைவி நிறைமாதம். அப்பா இல்லை, அம்மாவுக்கும் தங்கைக்கும் என் சம்பளம்தான். இந்தக் கூட்டத்துக்குப் போகாதே என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். கதைதானே எழுதுகிறோம், இதில் என்ன வந்துவிடும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பாவூர்சத்திரத்திலிருந்து வருவதாகவும், ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். வக்கீல் விடவில்லை.

"உள்ள உக்காந்தா எழுதணும் வே. வேடிக்க பாக்க இங்கன கூத்தா நடக்குது?"

எனக்கு மனு எழுதத்தான் தெரியும் என்று அவர் நெளிந்தார். அப்படியானால் மனுவையே எழுதும் என்று காகிதத்தையும் பென்சிலையும் கையில் திணித்தார் வக்கீல். எங்கள் வழக்கத்தையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

நான் ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதினேன். ஒரு வீட்டுக்கு வியாபாரி ஒருவன் விருந்தாளியாக வருகிறான். உண்டு உறங்கி, வீட்டுக்காரனை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைக் கப்பலில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பூசி மெழுகி எழுதிவிட்டதாக எனக்கு நினைப்பு. உண்மையில் ஐந்தாம் வகுப்புப் பையனுக்குக்கூட அந்த வியாபாரி யார் என்று விளங்கிவிடும். பெருமையோடு மடித்துப் பெட்டியில் போட்டேன்.

அப்போது சாரல் ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. புதியவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனார். அவர் கால்களைப் பார்த்தேன். முழங்கால் கன்னங்கரேலென்று இருந்தது. அதற்குக் கீழே கெண்டைக்கால் முழுக்க வெயிலே படாத வெளுப்பு. அரைநிஜார் போட்டு, காலில் பட்டைத்துணி சுற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் வெயிலில் நிற்பவருக்குத்தான் அப்படி இருக்கும். தென்காசியில் அப்படிப்பட்ட கால்கள் போலீஸ் ஸ்டேஷனில் மட்டும்தான் உண்டு.

பெட்டிக்குள் கையை விட்டு என் காகிதத்தை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். பெட்டி அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. எடுத்தால் நானே என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். பெயர் இல்லாவிட்டால் என்ன, என் கையெழுத்து பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தர் எல்லாவற்றிலும் இருக்கிறதே. அதற்குள் வக்கீல் பெட்டியை எடுத்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் நர்ஸம்மாள் எடுத்தார். பென்சிலில் எழுதிய சின்னக் காகிதம். அவர் வாசித்தது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"எனக்குத் தெரிந்த பூட்டு ஒன்றுதான். அதைத் தினமும் ராத்திரி நான் பூட்டுகிறேன். உள்ளே இருப்பவன் கொஞ்சம் அழுதுவிட்டுத் தூங்கிவிடுகிறான். சாவி என் இடுப்பில் இருக்கிறது. எனக்குத் தூக்கம் இல்லை. முன்பு திருடர்களைப் பூட்டினேன். இப்போது வருகிறவர்கள் என் மகன் வயதுப் பையன்கள்."

கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதும் தெரிந்துவிட்டது. யார் எழுதியது என்று கேட்பது எங்கள் வழக்கம் இல்லை, அதனால் யாரும் கேட்கவும் இல்லை. இதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று நர்ஸம்மாள் காகிதத்தைப் பெட்டியின் மூடியில் வைத்தார். ராவுத்தரின் நாலு வரியை யாரோ வாசித்தார்கள். எப்போதும் அதற்குச் சிரிக்கிறவர்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அடுத்து அந்த மனிதர் கையை விட்டார். வந்தது என் காகிதம்.

வாசிப்பதற்கு முன்னால் ஒரு தரம் மனசுக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் ஒரு சலுகை உண்டு. அவர் பார்த்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம், எல்லாவற்றையும் பார்த்தார். அந்த நேரத்தில் என் மனைவியின் முகம்தான் எனக்குக் கண்ணில் நின்றது. மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பார் என்று நினைத்தேன். என்னால் என்ன செய்துவிட முடியும்?

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். முதலில் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. போகப் போகக் குரல் தெளிந்தது. வியாபாரி கப்பலேறும் இடத்தை அவர் வாசித்த கோபம், எழுதும்போது எனக்கே இருந்ததில்லை. ஒரு வரியையும் விழுங்காமல் கடைசி வரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். குறை என்ன என்று வக்கீல் கேட்பதற்குள் அவராகவே சொன்னார்.

"சாவியக் கொண்டுபோனவனப் பத்தியே மூணு பக்கமும் எழுதிருக்காரு. வீட்டுக்குள்ள ஒருத்தன் கெடக்கானே, அவன் என்ன செஞ்சான்? கதவ இடிச்சானா, சும்மா படுத்துத் தூங்குனானா? அத எழுதாம விட்டுட்டாரே."

சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பழையபடி மடித்து அந்த மூடியில் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார். தம்முடைய காகிதத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மேலதிகாரி கையில் கிடைத்தால் அவருடைய வேலை நிச்சயமாகப் போயிருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

வக்கீல் இரண்டு காகிதத்தையும் கையோடு வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். என்னுடையது போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அவருடையதைக் கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அது அந்த மனுஷனுக்குச் செய்கிற துரோகம் என்று வக்கீல் சொன்னது சரிதான். ஆனால், அவர் நம் சட்டத்தில் சிக்கிக்கொண்டார், அதனால்தான் வாசித்தார் என்று வக்கீல் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"வாசிச்சது அவரு வாய் வே. இனி எந்த வாயால போயி ரிப்போர்ட் சொல்லுவாரு?" என்பார் வக்கீல்.

முழுக்கப் பார்த்துவிட்டல்லவா அவர் வாசித்தார்? பையில் போட்டுக்கொள்ள ஒரு நொடி போதுமே. இதைச் சொல்லி வக்கீலோடு நெடுநாள் வாதாடியிருக்கிறேன். எது எப்படியோ, விசாரணை என்று யாரும் என் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. புரட்டாசியில் எனக்கு மகள் பிறந்தாள். சம்பளமும் தவறாமல் வந்தது.

மறு வருஷம் மாசித் தேரோட்டத்தில் அவரை மறுபடியும் பார்த்தேன். தென்காசி ரத வீதியில் ஒரே நெரிசல். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவப்புத் தலைப்பாகையோடு கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வந்தவர், எங்களை ஒரு கடை வாசல் பக்கமாகக் கையைக் காட்டி ஏற்றிவிட்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றே நினைத்தேன். அவர் தேரைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"சார்வாள், உள்ள கெடந்தவன் என்ன செஞ்சான்? எழுதியாச்சா?"

நான் வாத்தியார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கதை என்னுடையது என்பதும் தெரிந்திருக்கிறது. ஆறு மாதமாகத் தெரிந்திருக்கிறது. இன்னும் எழுதவில்லை என்று எப்படியோ சொன்னேன்.

"எழுதும்" என்றார். அதற்குள் கூட்டம் முண்ட, அதட்டிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டார்.

என் மனைவி யார் அது என்று கேட்டாள். கதை எழுதுகிறவர் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெரியவர்கள் என் எழுத்தைப் பாராட்டியிருக்கிறார்கள், அதையெல்லாம் மறந்துவிட்டேன். என்னிடம் குற்றம் கண்டுபிடிக்க அனுப்பப்பட்டு, என் கதையில் மட்டும் குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போன அந்த மனிதரை நினைக்காமல் இன்றுவரை என்னால் பேனாவைத் தொட முடிவதில்லை.