முன்வரிசை இளைஞர்

பத்தாம் வகுப்போடு நின்று, மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் நான் எழுத வந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகுகிறாள். திண்டுக்கல்லில் எங்கள் பக்கத்து மைதானத்தின் கேட்டை ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் செம்பட்டி ரோட்டில் காய்கறி லாரிகளோடு ஓடினாள். ஒருநாள் லாரி உரசிப் போனதில் முழங்கை சிராய்ந்து வந்தாள்.

அந்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில், ‘இளைஞர்களை அரவணைக்கும் நகரம்: கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். கேட்டை ஐந்தரைக்குத் திறக்கச் சொல்லலாம் என்று மகள் கிளம்பினாள். துணைக்கு நான்.

வாசலில் பேட்ஜ் குத்தியவர் அவளை மறித்தார்.

“பாப்பா, செத்த ஓரமா நில்லு. இது இளைஞர் கூட்டம்.”

என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். “வாங்கண்ணே! இளைஞரணிதான? முன்னாடி சீட்டு இருக்கு.”

அன்று வெள்ளை வேட்டி கட்டியிருந்தது என் தப்பு. எங்கள் ஊரில் இளைஞர் என்றால் கட்சி இளைஞரணியில் பொறுப்பில் இருப்பவர். வயது அதற்குத் தடையில்லை. மறுக்கக் கூச்சப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். வலப்பக்கத்து இளைஞர் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கத்தவர் மீசையில் சாயம் இன்னும் காயவில்லை. பேசிய இளைஞர்கள் எல்லோரும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டதாக வருத்தப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் கூடிப் பேசும் பூங்காவையும் மாலையில் பூட்டச் சொன்னார் ஒருவர். கைதட்டினார்கள்.

மைக் என்னிடம் வந்தது. எழுந்து நின்றேன்.

“நான் இளைஞர் இல்லீங்க. எம் மகதான். வெளிய நிக்கிது.”

மண்டபமே சிரித்தது. மேடையில் இருந்த மாநகராட்சி அதிகாரி சிரிக்காமல் அவளை உள்ளே கூப்பிட்டார்.

“கேட்ட அஞ்சரைக்குத் தொறந்தாப் போதும் சார். மிச்சத்த நாங்க ஓடிக்கிருவோம்” என்றாள்.

“சரிம்மா. மனுவுல இளைஞர் பிரதிநிதி கையெழுத்து வேணுமே?”

சாய மீசைக்காரர் எழுந்தார். “சின்னப்புள்ள கையெழுத்தெல்லாம் எடுபடாது சார். அண்ணனே போடட்டும்.”

ஐம்பத்தொரு வயதில் இளைஞர் பிரதிநிதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஐந்தரைக்குக் காவலாளி கேட்டைத் திறந்தார். மகள் ஆறு சுற்று ஓடினாள்.