பாரீஸ் ரயிலுக்கு ஆவடி ராகு காலம்

ஆவடி ஸ்டேஷன், மே மாத வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. ஒன்பது நாளில் ஐந்து ஐரோப்பிய நகரங்களைப் பார்க்கப் போகும் நாங்கள் இரண்டு மின்சார ரயில்களை விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். பட்டணம் போய் விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடியாமல் ரயிலேறக் கூடாது என்பது என் மனைவி மரகதத்தின் உத்தரவு.

அவள் மடியில் இருக்கும் பயணத் திட்டத்தில் அதே ராகு காலம் வெனிஸையும் விழுங்குகிறது. பாரீசிலிருந்து அங்கே போகும் ரயில் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. அதை விட்டால் ஒரு நாள் போய்விடும். ஃபாக்டரியில் எனக்கு அதற்கு மேல் லீவு கிடையாது. மரகதம் உதட்டைக் கடித்துக்கொண்டு வெனிஸைப் பென்சிலால் அடிக்கிறாள்.

எங்கள் புலம்பலைக் கேட்டுப் பக்கத்தில் பூக்கட்டும் அம்மா எட்டிப் பார்க்கிறார்.

"அங்க பதினோரு மணின்னா இங்க இன்னா மணி சார்?"

"மதியம் ரெண்டரைம்மா."

"அப்ப ராகு காலம் முடிஞ்சி எம்மா நேரமாச்சி! உங்க ஊடு இங்கதான கீது? இந்த ஊரு கணக்கப் பாரு சார்."

மரகதம் என் சட்டைப்பையிலிருந்து ரப்பரைப் பிடுங்கி வெனிஸை மீட்கிறாள். சந்தோஷத்தில் நான்கு முழம் மல்லிகை வாங்குகிறாள். அடுத்த ரயில் வந்து நிற்கிறது. மணி பதினொன்றே கால். நான் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொள்கிறேன். அவளோ பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

"ராகு காலம், மரகதம்!"

"பாரீசுல இன்னும் எட்டு மணியே ஆகலைங்க. ஏறுங்க!"