எப்போ வந்தீங்க, எதுக்கு வந்தீங்க?

ஆராய்ச்சி என்பது, கதவைத் திறக்கும் அம்மாள் "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் "நான் எதையும் விக்க வரலைங்க" என்று சொல்லிவிடத் தெரிந்திருக்க வேண்டிய தொழில். டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கேள்வி கேட்டுத் திரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இப்போதே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் படித்து முடித்த பிறகு விட்டுக்கொள்ளலாம்.

எழுபதுகளின் கடைசியில் நான் சமூகவியல் ஆராய்ச்சி மாணவி. வெளியூர்களிலிருந்தும் கடல் தாண்டியும் நெய்வேலிக்கு வந்து குடியேறியவர்கள் அந்த ஊருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. குறிஞ்சிப்பாடியில் ஒரு நெசவாளர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். காலையில் கீழே தறிச் சத்தம் ஆரம்பிக்கும்போது நான் நெய்வேலி பஸ்ஸுக்கு நிற்பேன்.

தலைப்புக்கு வந்த சோதனை

என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்லவர். ஆனால் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுபோனால் அதில் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். என் தலைப்பைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஏம்மா வசந்தா, தூத்துக்குடிக்காரன் நெய்வேலிக்கு வேலைக்கு வந்தா அது குடியேற்றமா? அது டிரான்ஸ்ஃபர். நிலக்கரி உற்பத்தி, மின்சாரம்னு ஏதாவது எடுத்துக்கோ. புள்ளிவிவரம் கைநிறையக் கிடைக்கும்" என்றார்.

பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள்கூட அங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை யாரும் கேட்டதே இல்லை என்றேன். அவர்கள் சொன்னால் அது கதை, ஆராய்ச்சி ஆகாது என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த மாணவர் இருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னது: "போய்ட்டு வா. ஒரு மாசத்துல நீயே வேற தலைப்பு கேட்டு வந்து நிப்பே."

ரகசியக் குரல்

சுரங்க டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாசல்களில் என்னை என்னவாகவெல்லாம் நினைத்தார்கள் என்று கேட்காதீர்கள். சோப்புத்தூள் விற்பவள், ரேஷன் கார்டு சரிபார்ப்பவள், குடும்பக் கட்டுப்பாட்டுக்காரி. ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தரகர் அனுப்பிய பெண் தானே நேரில் வந்துவிட்டாள் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

முதலில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தவர் கோமதி அக்கா. திருநெல்வேலிப் பக்கம். கணவர் சுரங்கத்தில் மெக்கானிக். கல்யாணமாகி வந்தபோது ரயிலடியில் இறங்கி, "எங்கே ஊரு?" என்று கேட்டாராம், "இனிமேதான் கட்டணும்" என்றாராம் கணவர். பல ஜில்லாக்காரர்கள் ஒரே வரிசையில் குடியிருந்து, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் தண்ணீர்க் குழாயடியில் சண்டை வரும் காலம் அது. வரிசைப் பெண்களை எல்லாம் சேர்த்து ஒரு மாதர் சங்கம் ஆரம்பித்தது இவர்தான். இவ்வளவு அருமையான விஷயத்தை நான் பதிவு செய்தேன் என்றா நினைக்கிறீர்கள்? மாடிக்குத் திரும்பி ஒலிநாடாவைப் போட்டால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தப்பு என்னுடையதல்ல. மெஷினை ஓடவிட்டதுமே அக்கா அடுத்த அறையைக் காட்டிச் சொல்லியிருந்தார்: "அவுக நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குதாக. நீங்க மெதுவாக் கேளுங்க, நான் அதைவிட மெதுவாச் சொல்லுதேன்."

பேர் சொல்லாத மனிதர்

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த ராமையா, ரங்கூனிலிருந்து வந்தவர். வேலை தேடி நெய்வேலிக்கு வந்து இறங்கும் இளவட்டங்களுக்கு எல்லாம் அவர் கடைதான் விலாசம். இரவில் பெஞ்சில் படுத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து கடிதம் வந்தால் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். எந்த கான்ட்ராக்டில் ஆள் எடுக்கிறார்கள், எவன் கூலியைப் பிடித்துக்கொள்வான் என்பதை டீ ஆற்றிக்கொண்டே சொல்லிவிடுவார். பர்மனென்ட் ஆகி சைக்கிளில் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்த பலபேர் அந்த பெஞ்சில் படுத்து எழுந்தவர்கள்.

ஆனால் என் மெஷினைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "அதை உள்ள வைம்மா" என்றார். டம்ளர் கழுவப் போய்விட்டார். நான் மெஷினைப் பைக்குள் போட்டுவிட்டு டீ குடித்தேன். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். மழை நாளில் கடையில் ஆளில்லாதபோது தானாகவே சொன்னார். ரங்கூனில் அவருக்கு இரண்டு கதவு வைத்த ஜவுளிக்கடை இருந்தது. ஒருநாள் நல்ல சட்டை போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டே வந்து, பேர் என்ன, எப்போது வந்தீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனானாம். அவன் கேட்ட மூன்றும் நான் கேட்கும் அதே கேள்விகள். அதற்கப்புறம் கடைக்குப் பூட்டு, குடும்பத்துக்குக் கப்பல். மனைவி கழுத்தில் இருந்ததைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார்.

அன்றைக்கு நான் எதையும் கேட்கவில்லை. அவர் சொன்னதை எழுதவும் இல்லை. ஆனால் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. தை பிறந்த பிறகு ஒரு காலை, நான் உட்காருமுன்பே பெஞ்சைத் துடைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். "இன்னிக்கு அந்த மெஷினை வெளிய எடும்மா. ராமையான்னு என் பேரையும் போட்டுக்கோ."

வராதவள்

சுரங்க ஓரத்தில் மண் வாரும் கான்ட்ராக்ட் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நடுவயதுப் பெண்ணிடம் போய், பழக்கதோஷத்தில், "நீங்க எப்போ இங்க வந்தீங்க?" என்று கேட்டேன். அவள் பெயர் அஞ்சலை. தூக்குப் போசியை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்தவங்களப் பத்தி எழுதிகினு திரியிறியா? எழுது. குவார்ட்டர்ஸ்ல குந்திகினு இருக்கிறவங்க கதய நல்லா எழுது" என்றாள். எழுந்து, மண்மேட்டுக்கு அப்பால் ராட்சத மெஷின் கடித்துக்கொண்டிருந்த பள்ளத்தைக் காட்டினாள். அவள் பிறந்த ஊர், பம்புசெட், மாரியாத்தா கோயில் எல்லாம் அந்தப் பள்ளம் இருந்த இடத்தில்தான் இருந்தனவாம். மற்ற பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "நாங்க எங்கியும் வரலம்மா. சொரங்கம்தான் எங்க வூட்டுக்கு வந்துச்சி."

புள்ளக் காம்பரா

அந்த ஒரு வார்த்தைக்கு என் ஆய்வில் இடமே இல்லை. வாரம் முழுக்க அதை வைத்துக்கொண்டு மாடியில் உலாத்தினேன். பிறகு மறுபடியும் அஞ்சலையைத் தேடிப் போனேன். நான் போனதே அவளுக்கு ஆச்சரியம். கையைப் பிடித்து, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கீற்றுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே சேலைத் தூளிகள், தவழும் குழந்தைகள், ஒரு பானைத் தண்ணீர். நடுவில் ஒல்லியாக ஒரு பெண் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "வந்தவங்கள்ல எவளயாவது எழுதணும்னா இவள எழுது" என்றாள் அஞ்சலை.

அவள் செல்லம்மா. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இரண்டு அரசுகள் போட்ட ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டு, முன்பின் பார்த்திராத 'சொந்த ஊரு'க்கு வந்து சேர்ந்தவள். அஞ்சலை முதலில் அவளோடு பேசவே மாட்டாளாம். நம் கூலியில் பங்குக்கு வந்தவள் என்று கோபம். அப்போதெல்லாம் குழந்தைகளை லாரிப் பாதை ஓரத்து மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். ஒருநாள் ரிவர்ஸில் வந்த லாரி அந்த மரத்தில் இடித்துவிட்டது. தூளி அறுந்து விழுந்து, அஞ்சலையின் கடைசிக் குழந்தைக்குக் கால் எலும்பு முறிந்தது.

மறுநாள் காலை செல்லம்மா மண்கூடையைத் தூக்கவில்லை. எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகப் 'புள்ளக் காம்பரா' என்று ஓர் அறை உண்டு, ஆயம்மா உண்டு, பால் உண்டு. அது மாதிரி ஒன்று இல்லாமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கோ அப்போது பிள்ளையே இல்லை. "இது என்ன சிலோனா?" என்று மேஸ்திரி சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் மற்ற பெண்களும் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். பொழுது சாயும்போது, கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கம்பு வாங்கக் காசு கேட்காதீர்கள் என்றான் கான்ட்ராக்டர். சுரங்கத்துக்கு ஊரைக் காலி செய்தபோது பிரித்து எடுத்து வைத்திருந்த தன் வீட்டுத் தூண்களை அஞ்சலை தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு வந்து நட்டாள். செல்லம்மா அதைச் சொல்லிவிட்டு ஒரு தூணைத் தட்டிக் காட்டினாள்: "அக்கா வீட்டுத் தூணு, எங்க தோட்டத்துக் காம்பரா. இப்ப சொல்லுங்க டீச்சரம்மா, இதுல வந்தது யாரு, இருந்தது யாரு?"

கேசரி செய்முறை

அந்தக் கோடையில் கான்ட்ராக்டரின் ஆட்கள் வந்து, லாரிக்குப் பாதை வேண்டும், கொட்டகையைப் பிரியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தப் பெண்கள் சொல்வதை டவுன்ஷிப் ஜனங்கள் ஒருதரம் கேட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. ஊருக்கு வந்த கதையை அவரவரே எழுந்து சொல்லும் ஒரு மாலைக் கூட்டம் நடத்தலாம் என்று ஒரு ஹால் கேட்டு டவுன்ஷிப் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி, "பாட்டா, நாடகமா?" என்றார். இரண்டும் இல்லை, கதை சொல்வார்கள் என்றேன். "அதை அவங்கவங்க வீட்ல சொல்லிக்கட்டுமே" என்றார். திரும்பத் திரும்பப் போனேன். கடைசியில் என்னைப் பார்த்ததும் அவரே "இல்லை" என்று தலையாட்டப் பழகிவிட்டார்.

கோமதி அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அடுத்த வாரம் மாதர் சங்க அறை வாசலில் ஒரு கரும்பலகை. பிளாக் முழுக்க அதே பேச்சு. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "பைனாப்பிள் கேசரி செய்முறைன்னு எழுதிப் போட்டிருக்கேன், அறை நிறைஞ்சிரும். கதவைச் சாத்துதது என் பொறுப்பு, மத்ததை நீ பாத்துக்கோ."

அந்த மாலை

அறை நிறைந்துதான் போனது. எனக்கு ஹால் தராத அதிகாரியின் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேசரி கிளறி முடியட்டும், அதுவரை சிலர் பேசுவார்கள் என்று அக்கா அறிவித்ததும் சலசலப்பு. இரண்டு பேர் எழுந்தார்கள். அக்கா முறைத்ததில் உட்கார்ந்தார்கள். நான் அழைத்து வந்திருந்தவர்களில் ராமையா முதலில் பேசினார். ரங்கூன் கடையின் கதவைப் பூட்டிய இடத்துக்கு வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முடிக்காமலே உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசை அம்மாள் ஒருவர், தன் மாமாவும் அப்படி வந்தவர்தான் என்று பக்கத்தில் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு செல்லம்மாவும் அஞ்சலையும் சேர்ந்து எழுந்தார்கள். தனியாக நிற்கச் செல்லம்மாவுக்குக் கூச்சம். அவள் விட்ட இடத்தில் இவள் பிடித்துக்கொண்டு, தூளி அறுந்ததிலிருந்து கொட்டகையைப் பிரிக்கச் சொன்னதுவரை சொன்னார்கள். அஞ்சலை இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டாள். அது ஒரு காலைச் சற்றே இழுத்தபடி கேசரி வாசனை வந்த பக்கமாக நடந்தது. அதிகாரியின் மனைவி எழுந்து, நீட்டிய தட்டைத் தள்ளினார். "கேசரி அப்புறம் சாப்பிடலாம். அந்தக் குழந்தைங்க இருக்கிற இடத்தை முதல்ல காட்டுங்க."

பொது வாய்மொழித் தேர்வு

அந்த அம்மாள் வீட்டில் என்ன சொன்னாரோ, கொட்டகை பிரிக்கப்படவில்லை. லாரிப் பாதை வளைந்து போனது. மழைக்கு முன்னால் ஓடு போட்டார்கள், குழாய் வந்தது. பேராசிரியரோ காம்பரா அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். ஊரை இழந்தவர்களைப் பற்றிய பகுதி தலைப்புக்கு வெளியே இருக்கிறதாம். அப்படியானால் தலைப்பை மாற்றுகிறேன் என்றேன். மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்று முறையும் அந்த அத்தியாயத்தோடுதான் கொண்டுபோய் வைத்தேன். நாலாவது தடவை, "நீ மாற மாட்டே" என்று கையெழுத்திட்டார்.

தேர்வு நாளில் கோமதி அக்கா மூன்று பஸ் மாறி அஞ்சலையையும் செல்லம்மாவையும் அழைத்து வந்துவிட்டார். ராமையா கடையைப் பூட்ட முடியாது என்று பன் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். வெளியூர்த் தேர்வாளர் கேட்டு முடித்துவிட்டு, சம்பிரதாயத்துக்காக, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். கடைசி வரிசையில் அஞ்சலை கையைத் தூக்கினாள். பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. "இதுல எங்க ஊரு பேரு இருக்குதா?" என்றாள். இருக்கிறது என்றேன். படிக்கச் சொன்னாள். ஊர்ப் பெயர், கோயில், தூண், காம்பரா என்று அந்தப் பக்கம் முழுவதையும் நின்று படித்தேன். நடுவில் ஒருதரம் நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தேன். செல்லம்மா தலையை ஆட்டி, மேலே படி என்றாள். படித்து முடித்ததும் அஞ்சலை தேர்வாளரைப் பார்த்துச் சொன்னாள்: "அப்ப சரிங்க. இந்தப் பொண்ணுக்குப் பட்டத்தக் குடுத்துடுங்க."

என் ஆய்வேடு நூலகத்தில் யார் கையும் படாமல் சௌக்கியமாக இருக்கிறது. காம்பராவில்தான் இடம் பிடிக்கப் போட்டி என்று கேள்வி.